புதிய லீக்கில் ஒரு நடுக்கள வீரர்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள் நம் பெரியவர்கள். உண்மைதான். ஆனால் அந்த ஒரு சோற்றை எப்போது எடுத்துப் பார்ப்பது என்றொரு கேள்வி இருக்கிறதல்லவா? உலை கொதிக்குமுன் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது வேகாத அரிசி" என்று தீர்ப்புக் கூறினால், அது அரிசியின் குற்றமா?

கால்பந்து உலகில் இப்படிப்பட்ட தீர்ப்புகள் ஆண்டுதோறும் எழுதப்படுகின்றன. ஒரு நாட்டு லீக்கில் புகழ்பெற்ற ஆட்டக்காரரை இன்னொரு நாட்டுக் கழகம் பெரும் பொருள் கொடுத்து அழைத்து வருகிறது. நான்கு ஆட்டம் முடிகிறது. "இவர் இங்கே தேற மாட்டார்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்புக்கு அதிகம் ஆளாகிறவர்கள் நடுக்கள வீரர்கள். ஏன் அப்படி? புதிய களத்தில் அவர்களுக்கு எது கடினம்? எது அவர்களைக் கரை சேர்க்கிறது? இவற்றை என் அறிவுக்கு எட்டியவரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடுவில் நிற்பவரின் நிலை

நம் மைதானத்தில் 'ஹாஃப்' என்று அழைக்கிறோமே, அவர்தான் நடுக்கள வீரர். பின்னால் நிற்கும் தற்காப்பு வீரருக்கு ஆட்டம் முழுவதும் கண்முன்னே நடக்கிறது. முன்னால் நிற்கும் தாக்குதல் வீரருக்குக் குறி ஒன்றே, எதிரணியின் கோல். ஆனால் நடுவில் நிற்பவருக்கு முன்னும் ஆள், பின்னும் ஆள், இடமும் வலமும் ஆள். பின்புறமிருந்து வரும் பந்தை வாங்கி, முன்புறம் ஓடுகிறவருக்குக் கொடுக்க வேண்டும். பந்து வரும்போது அவர் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்துகொண்டிருந்தால்தான் உண்டு.

இன்னொன்றும் உண்டு. நல்ல பாஸ் என்பது தோழர் நிற்கும் இடத்துக்குக் கொடுப்பதன்று. அவர் அடுத்த நொடி எங்கே இருப்பாரோ அங்கே கொடுப்பது. எனவே நடுக்கள வீரருக்குத் தன் திறமை மட்டும் போதாது. மற்றப் பத்துப் பேரின் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். இடது ஓரத்தில் ஓடுகிறவர் பந்தைக் காலில் கேட்பவரா, முன்னால் உருட்டிவிடச் சொல்பவரா? பின்னால் நிற்பவர் நெருக்கடியில் பந்தைத் தட்டித் தருவாரா, தூக்கி அடிப்பாரா? இதற்கெல்லாம் ஏட்டுப் பாடம் கிடையாது. ஆடி ஆடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கழகம் மாறும்போது ஒரு கோல் கீப்பர் தன் கைகளையும் கூடவே எடுத்துச் செல்கிறார். நடுக்கள வீரரோ தன் செல்வத்தில் பாதியைப் பழைய தோழர்களிடம் விட்டுவிட்டு வருகிறார்.

ஒரு வினாடியின் கணக்கு

நான் இயற்பியல் மாணவன். ஆகவே ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்ட விரும்புகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்டவை; எந்த ஆட்டத்திலும் அளந்தவை அல்ல.

20 மீட்டர் தொலைவிலிருந்து வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஒரு பாஸ் வருகிறது என்று கொள்வோம். பந்து வந்து சேர ஏறத்தாழ 1.33 வினாடி ஆகும். எதிரணி வீரர் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி ஓடி வருகிறார். அந்த 1.33 வினாடியில் அவர் 8 மீட்டர் கடந்துவிடுவார். அவர் முதலில் 15 மீட்டர் தள்ளி நின்றிருந்தால், பந்து நம் காலுக்கு வரும்போது இன்னும் 7 மீட்டர் தொலைவில் இருப்பார். நமக்கு 1.17 வினாடி மிச்சம். அவர் 10 மீட்டரில் நின்றிருந்தாலோ, 2 மீட்டரே பாக்கி. நமக்கு மிஞ்சுவது வினாடியில் மூன்றில் ஒரு பங்கு!

எதிரி 5 மீட்டர் நெருங்கி நின்றார். நம் கையிலிருந்த நேரம் மூன்றரை மடங்கு சுருங்கிவிட்டது. கண்ணால் ஒன்றைக் கண்டு உடல் அசைவதற்கே மனிதருக்கு ஏறக்குறைய கால் வினாடி தேவை. அப்படியானால் பந்தை வாங்கிய பிறகு நிமிர்ந்து பார்க்க அங்கே நேரமே இல்லை. பந்து வருமுன்பே பார்த்து முடித்திருக்க வேண்டும்.

ஒரு லீக்குக்கும் மற்றொரு லீக்குக்கும் உள்ள வேறுபாட்டின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. ஓரிடத்தில் எதிரணியினர் பின்வாங்கி நின்று காத்திருப்பார்கள். மற்றோரிடத்தில் மேலே வந்து விழுவார்கள். புதிதாக வந்தவரின் கால்கள் பழைய கால்களே. ஆனால் அவருடைய மனக்கடிகாரம் பழைய லீக்கின் நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைப்பதைத்தான் 'பழகிக்கொள்வது' என்கிறோம்.

கோப்பை வென்றவருக்கும் இதே கதி

திறமைக் குறைவினால்தான் தடுமாறுகிறார்கள் என்று எண்ணுவோருக்கு 1978-ஆம் ஆண்டு நல்ல விடை தரும். அதுவரை இங்கிலாந்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு 1931 முதல் கடுமையான தடை இருந்தது. அத்தடை 1978-இல் நீங்கியது. அதே ஆண்டு ஜூன் 25 அன்று அர்ஜென்டினா உலகக் கோப்பையை வென்றது. அடுத்த சில வாரங்களுக்குள், அந்த அணியின் நடுக்கள வீரர்களான ஓஸ்வால்டோ ஆர்டிலெஸ், ரிக்கார்டோ வில்லா ஆகிய இருவரையும் இலண்டனின் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கழகத்துக்கு அழைத்து வந்தார் அதன் பயிற்சியாளர் கீத் பர்கின்ஷா.

முதல் ஆட்டம் அப்போதைய சாம்பியன் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியோடு, 1–1 சமன். வில்லாவே கோல் அடித்தார். ஊரே கொண்டாடியது. அடுத்து, சொந்த மைதானத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 1–4 தோல்வி. செப்டம்பர் 2 அன்று லிவர்பூலில் 0–7 தோல்வி! உலகக் கோப்பையை ஏந்தி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கால்கள் அதற்குள் ஆட்டத்தை மறந்துவிட்டனவா? இல்லை. பந்தைக் காலோடு ஒட்டி வைத்துச் சிறு சிறு பாஸ்களால் முன்னேறும் கலையில் வளர்ந்தவர்கள் அவர்கள். வந்து சேர்ந்த இடத்திலோ பந்து பெரும்பாலும் தலைக்கு மேலே பறந்தது. காலில் பந்து வந்தால் கூடவே ஒரு டாக்கிளும் வந்தது.

ஆர்டிலெஸ் விரைவில் நிலைபெற்றுவிட்டார். வில்லாவுக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1981 மே 9 அன்று எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியை எதிர்த்து ஆடியபோது வில்லா சோபிக்கவில்லை. பாதியில் வெளியே அழைக்கப்பட்டார். தலை கவிழ்ந்து தனியே நடந்து போனார். ஆட்டம் 1–1 என முடிந்ததால் மே 14 அன்று மறு ஆட்டம். வேறொரு பயிற்சியாளராக இருந்தால் வில்லாவை மறந்தே போயிருப்பார். பர்கின்ஷா மீண்டும் அவரையே இறக்கினார். அன்று வில்லா இரண்டு கோல் அடித்தார். இரண்டாவது, எதிரணியினரை ஒவ்வொருவராகக் கடந்து சென்று அடித்த கோல். டாட்டன்ஹாம் 3–2 என வென்றது. இன்றும் அக்கோப்பையின் வரலாற்றில் தலைசிறந்த கோல்களுள் ஒன்றாக அதைப் போற்றுகிறார்கள். ஐந்து நாளில் வில்லாவின் திறமை வளர்ந்துவிடவில்லை. இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது, அவ்வளவுதான்.

மோஸ்தாரில் கற்ற பாடம்

சரியாக 30 ஆண்டுகள் கழித்து, 2008-இல், அதே டாட்டன்ஹாம் கழகத்துக்கு மற்றொரு நடுக்கள வீரர் வந்தார். அவர் பெயர் லூக்கா மோட்ரிச்.

மோட்ரிச் 1985 செப்டம்பர் 9 அன்று ஸாடார் நகரில் பிறந்தவர். இன்று அது குரோவேஷியாவில் இருக்கிறது. அன்று யூகோஸ்லாவியாவில் இருந்தது. அவருக்கு ஆறு வயது நடந்தபோது போர் மூண்டது. 1991 டிசம்பரில் அவருடைய தாத்தா கொல்லப்பட்டார். குடும்பம் ஊரை விட்டு ஓடி, ஸாடாரில் விடுதிகளில் அகதிகளாகத் தங்கியது. சிறுவன் பந்து உதைத்துப் பழகியது விடுதியின் கார் நிறுத்துமிடத்தில். ஹைடுக் ஸ்பிலிட் என்ற பெரிய கழகம், உடல் போதாது என்று அவரை ஏற்க மறுத்தது. பின்னர் டினமோ ஸாக்ரெப் கழகத்தில் இடம் கிடைத்தது.

அந்தக் கழகம் 18 வயது மோட்ரிச்சை 2003-இல் பக்கத்து நாடான போஸ்னியாவுக்குக் கடனாக அனுப்பியது. மோஸ்தார் நகரின் ஸ்ரின்ஸ்கி அணி. முரட்டு ஆட்டத்துக்குப் பெயர்போன லீக் அது. ஒல்லியான அந்த இளைஞர் அங்கே ஒரு பருவம் ஆடி, அந்த லீக்கின் சிறந்த வீரர் என்ற பெயரோடு திரும்பினார். அந்த லீக்கில் ஆட முடிந்தவர் எங்கும் ஆடலாம் என்ற பொருள்பட அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அடுத்து இன்டர் ஸப்ரெஷிச் என்ற சிறு கழகத்தில் ஒரு பருவம். அதன் பிறகே டினமோவின் நடுக்களத்தில் நிலையான இடம். 2006, 2007, 2008 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டினமோ லீக் பட்டம் வென்றது.

எட்டு ஆட்டமும் இரண்டு புள்ளியும்

டினமோ தன் நாட்டு லீக்கின் அரசன். பந்து பெரும்பாலும் அதன் காலில்தான் இருக்கும். அங்கிருந்து மோட்ரிச் வந்து சேர்ந்த டாட்டன்ஹாமோ, 2008–09 பருவத்தின் முதல் எட்டு லீக் ஆட்டங்களில் பெற்றது இரண்டே புள்ளிகள்! பட்டியலில் கடைசி இடம். பந்தோடு ஓடிப் பழகியவர் பந்தைத் துரத்தி ஓட வேண்டியதாயிற்று. மோட்ரிச்சின் உயரம் 1.72 மீட்டர். இந்த உடலை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் ஆட முடியாது என்ற பேச்சும் எழுந்தது. குளிர்காலத்தில் லீக்குக்கு நீண்ட ஓய்வு விடும் நாட்டிலிருந்து வந்தவர் அவர். இங்கிலாந்திலோ கிறிஸ்துமசுக்கு மறுநாளும் லீக் ஆட்டம் உண்டு.

2008 அக்டோபர் இறுதியில் பயிற்சியாளர் மாறினார். ஹுவாண்டே ராமோஸ் போய் ஹார்ரி ரெட்நாப் வந்தார். ராமோஸ் மோட்ரிச்சைப் பெரும்பாலும் முன்னால், தாக்குதல் வீரருக்குப் பின்னே நிறுத்தியிருந்தார். எதிரணியின் வலுவான தற்காப்பு வீரர்கள் நெருக்கி நிற்கும் இடம் அது. மேலே நாம் போட்ட கணக்கில் மூன்றில் ஒரு பங்கு வினாடி மட்டுமே மிஞ்சுகிற இடம். ரெட்நாப் அவரை அவருக்குப் பழக்கமான நடுவிலும் இடப்புறத்திலும் ஆட வைத்தார். ஆட்டத்தை முன்னால் பார்த்தபடி பந்தை வாங்க வழி பிறந்தது. அந்தப் பருவம் டாட்டன்ஹாம் எட்டாவது இடத்தில் முடித்தது. மறு பருவத் தொடக்கத்தில் மோட்ரிச்சுக்குக் கால் எலும்பு முறிந்தது, டிசம்பரில் திரும்பினார். 2010-இல் அணி நான்காவது இடம் பிடித்துச் சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றது. 2011-இல் கழகத்தின் சிறந்த வீரர் விருது, இங்கே தேற மாட்டார் எனப்பட்ட அதே மோட்ரிச்சுக்கு!

மாட்ரிட்டில் மறுபடியும் முதலிலிருந்து

2012 ஆகஸ்ட் 27 அன்று ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கழகம் அவரை வாங்கியது. லீக் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. புதிய தோழர்களோடு பருவத்துக்கு முந்திய பயிற்சி ஒரு நாள்கூட இல்லை. இரண்டாம் நாளே பார்சிலோனாவுக்கு எதிரான கோப்பை ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். அணியின் நடுக்களத்தில் சாபி அலோன்ஸோ, சமி கெதிரா, மெசுட் ஒசில் என இடங்கள் நிரம்பியிருந்தன. ஆகவே பல ஆட்டங்களில் பாதியில் வருவதும், சில ஆட்டங்களில் வெளியே அமர்வதுமாக மாதங்கள் ஓடின. 2012 இறுதியில் மார்க்கா என்னும் ஸ்பானிய விளையாட்டு நாளிதழ் வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. அந்தப் பருவத்தில் வாங்கப்பட்டவர்களுள் மிக மோசமானவர் யார்? முதலிடம் மோட்ரிச்சுக்கு!

இதற்கு மூன்று மாதத்துக்குள், 2013 மார்ச் 5 அன்று, மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். மாட்ரிட் 0–1 எனப் பின்தங்கியிருந்தது. எதிரணியில் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறவும், பயிற்சியாளர் ஜோஸே மொரின்யோ உடனே மோட்ரிச்சை இறக்கினார். 66-ஆம் நிமிடம், பெட்டிக்கு வெளியிலிருந்து அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. மூன்று நிமிடத்தில் ரொனால்டோ மற்றொன்று அடிக்க, மாட்ரிட் வென்றது. அன்று முதல் பேச்சு மாறியது.

பிறகு நடந்தது உலகம் அறிந்தது. 2014 இறுதியாட்டத்தில், தோல்வி உறுதி என்றிருந்த 93-ஆம் நிமிடத்தில் செர்ஹியோ ராமோஸ் தலையால் முட்டி அடித்த கோல், மோட்ரிச் உதைத்த கார்னரிலிருந்து வந்தது. 2018-இல் தன் சிறிய நாட்டை உலகக் கோப்பை இறுதிவரை அழைத்துச் சென்றார். அவ்வாண்டு தங்கப் பந்து விருதும் பெற்றார். 2025-இல் ரியல் மாட்ரிட்டை விட்டு இத்தாலியின் ஏ.சி. மிலான் கழகத்துக்குச் செல்லும்போது, அவர் வென்றிருந்த சாம்பியன்ஸ் லீக் பட்டங்கள் ஆறு. மிக மோசமானவர் என்று வாக்களித்த ஊரிலேதான் இத்தனையும் நடந்தன.

எது கரை சேர்த்தது?

கூர்ந்து நோக்கினால் மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, வீரர் தாமே செய்துகொள்ள வேண்டியது. மோட்ரிச்சின் ஆட்டத்தைப் பாருங்கள். பந்து வருமுன் தலை இருபுறமும் திரும்பிப் பார்த்துவிடும். உடல் பாதி திரும்பிய நிலையில் பந்தை வாங்குவார். வாங்கியபின் திரும்ப வேண்டியதில்லை. காலின் வெளிப்புறத்தால் பாஸ் கொடுப்பது அவருடைய தனிச்சிறப்பு. அது வெறும் அலங்காரமன்று. உடலைத் திருப்பிக் காலைச் சரிசெய்ய ஆகும் நேரம் அதனால் மிச்சமாகிறது. 2022 ஏப்ரலில் செல்சி அணிக்கு எதிராக அப்படி ஒரு நீண்ட பாஸ் கொடுத்து ரோட்ரிகோவைக் கோல் அடிக்க வைத்தாரே, அதுவே இதற்குச் சான்று. நேரம் சுருங்கிய லீக்கில் அவர் வேகமாக ஓடக் கற்கவில்லை; முன்கூட்டிப் பார்க்கக் கற்றார்.

இரண்டாவது, சரியான இடம். மூன்றாவது, காலம். இவ்விரண்டும் வீரரின் கையில் இல்லை. அழைத்து வந்தவர்களின் கையில் இருக்கின்றன. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பயனில்லை. அர்ஜென்டினாவின் ஹுவான் செபாஸ்டியன் வெரோன் இத்தாலியில் கொடிகட்டிப் பறந்தவர். 2001-இல் பெரும் விலைக்கு மான்செஸ்டர் யுனைடெட் அவரை வாங்கியது. அங்கே ராய் கீன், பால் ஸ்கோல்ஸ் ஆகியோர் ஏற்கெனவே நிலைபெற்றிருந்த நடுக்களத்தில் அவருக்கென ஓரிடம் கடைசிவரை அமையவில்லை. இரண்டு பருவம் காலம் கிடைத்தும், 2003-இல் செல்சிக்குப் போய்விட்டார். காலம் இருந்தது, இடம் இல்லை.

நமக்கென்ன?

ஐரோப்பாவில் யாரோ பந்து உதைக்கிறார்கள், நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன். இங்கே முதல் பருவத்தில் ஆங்கில விரிவுரையில் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் தமிழாக்கி முடிக்குமுன் மூன்றாவது வாக்கியம் கடந்து போய்விடும். 'டார்க்' என்று கரும்பலகையில் எழுதப்பட்டது, நான் பள்ளியில் நன்றாகவே படித்த திருப்புவிசைதான் என்று புரியும்போது மணி அடித்துவிடும். மூன்றில் ஒரு பங்கு வினாடி என்பது எனக்குக் கணக்கில் மட்டும் தெரிந்த செய்தியன்று.

என்னோடு சேர்ந்த ஒரு நண்பர் பள்ளியில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவர். முதல் பருவத் தேர்வில் அவருக்கு மூன்று தாள்கள் அரியர் விழுந்தன. "நமக்கு இது சரிப்படாதுடா" என்றார். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இப்போது நூற்பாலையில் இரவுப் பணி பார்க்கிறார். அவருக்கு மூளை போதாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். எட்டு ஆட்டத்தில் இரண்டு புள்ளி எடுத்த நிலையிலேயே அவர் களத்தை விட்டு வெளியேறினார்.

நான் தங்கியதற்குக் காரணம் உண்டு. மறுநாள் பாடத்தை முந்திய இரவே ஒருமுறை புரட்டிப் பார்த்து, தெரியாத சொற்களுக்குத் தமிழ் எழுதி வைத்துக்கொள்ளப் பழகினேன். பந்து வருமுன் தலையைத் திருப்பிப் பார்ப்பது இதுவே. எங்கள் துறை விரிவுரையாளர் ஒருவர் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் அன்றைய பாடத்தைத் தமிழில் திருப்பிச் சொல்வார். அதில் கேள்வியும் கேட்பார். ஆட்டத்தை முன்னால் பார்த்து நிற்க எனக்குக் கிடைத்த இடம் அது. இரண்டாம் பருவத்தில் எல்லாத் தாளிலும் தேறினேன்.

மாணவத் தோழர்களே! புதிய கல்வியாண்டு தொடங்கும்போது முதலாம் ஆண்டு மாணவர்கள் வருவார்கள். அவர்களில் சிலர் கடைசி வரிசையில் வாய் திறவாமல் அமர்ந்திருப்பார்கள். சிலர் நம் கால்பந்து அணியில் சேர வந்து, முதல் நாள் பயிற்சியில் நான்கு பந்தைத் தவறவிடுவார்கள். அவர்களுக்குப் பழைய குறிப்பேடுகளைக் கொடுத்து உதவுவோம். எந்த இடத்தில் ஆடிப் பழகினார்கள் என்று கேட்டு, அந்த இடத்தில் நிறுத்திப் பார்ப்போம். விரிவுரையாளப் பெருமக்களையும் பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்: முதல் பருவத்து மதிப்பெண்ணைக் கொண்டு எங்களில் எவரையும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஆட்டத்திலும் பருவம் உண்டு. படிப்பிலும் பருவம் உண்டு. இரண்டாவது பருவம் வரை இருக்கச் சொல்லுங்கள்.